அப்பாவின் பேச்சைத் திருத்திய நாள்

"எம்.எல்.ஏ. பொண்ணுங்களா நீங்க?" என்று யாராவது கேட்டால் இன்றும் என் காதுமடல் சூடாகிவிடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பேன். எவ்வளவு அடக்கம் என்று கேட்டவர்கள் மெச்சிக்கொள்வார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெட்கம்தான். ஐந்தாம் வகுப்பில் என்னைப் பிடித்த வெட்கம், இத்தனை வயதுக்குப் பிறகும் விட்டபாடில்லை. அன்று எதற்காக வெட்கப்பட்டேனோ அதற்காக இன்று படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அப்பா ஒன்றும் பிறக்கும்போதே கரைவேட்டியோடு பிறந்தவர் அல்லர். சிங்காநல்லூரில் வெட் கிரைண்டர் செய்கிற பட்டறை வைத்திருந்தார். அதற்கு முன் வேறொருவர் கம்பெனியில் ஃபிட்டர். அம்மாவின் நகையை வைத்து ஒரு பழைய லேத் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்த தொழில். காலையில் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் வெறுங்காலோடு உள்ளே போவார். கரண்ட் கசிகிறதா என்று ஒவ்வொரு மெஷினாக டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கை வைக்க விடுவார். சாமி கும்பிட மறந்தாலும் அதை மறக்கமாட்டார் என்று அம்மா கேலி செய்வார்.

கரண்ட் இல்லாமல் ஊரே திண்டாடிய காலத்தில் சிறு பட்டறைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். செயலாளர் பொறுப்பை ஆளாளுக்குத் தட்டிக்கழிக்க, கடைசியில் அப்பா தலையில் விழுந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக்கைக் கொடுத்தபோது அவருக்குப் பேசத் தெரியவில்லை. பட்டறையில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசிவிட்டார். அதுவே எல்லோருக்கும் பிடித்துப்போனது. அடுத்த தேர்தலில் கட்சியின் இரண்டு பெரிய மனிதர்கள் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் குழி பறிப்பார் என்று பயந்த தலைமை, இருவருக்கும் வேண்டாம் என்று அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தியது. ஜெயித்தும் விட்டார். சித்தப்பா அன்றைக்கே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறினார். நின்றது அவர்தானோ என்று ஊரில் பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்தது.

எம்.எல்.ஏ. ஆனதும் பேச்சு ஒரு பெரிய தொல்லையாகிவிட்டது. எங்கே போனாலும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்பா படித்தது எட்டாவதுதான். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்திய நாள் சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் என்னை உட்கார வைத்துப் பேசிக்காட்டுவார். தப்பு வந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால் தூக்குவேன், ழகரம் வழுக்கினால் தூக்குவேன். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை. வந்தவர்களிடமெல்லாம், "தப்பாப் பேசுனா எங்க பாப்பா உடாதுங்க, டீச்சரு" என்பார். ஒருமுறை பள்ளி ஆண்டு விழா மேடையிலேயே ஏதோ தப்பாகச் சொல்ல, முன்வரிசையில் இருந்து நான் கையைத் தூக்கினேன். அப்பா மைக்கிலேயே அதைச் சொல்லிச் சிரித்துத் திருத்திக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். உலகத்தில் அப்பாவுக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டறையில் ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. அப்பாவோடு அந்தக் காலத்துக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர். அப்பா தனியாக வந்தபோது கூடவே வந்துவிட்டவர். டிரம்மில் கல்லைப் பொருத்தி, தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. நான் அவரைக் கல்லு மாமா என்பேன். அப்பாவை அவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். எம்.எல்.ஏ. ஆன பிறகும் அப்படியே கூப்பிட்டார். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நாலு பேர் இருக்கும்போது அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மாமா சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பாவின் கார் உள்ளே நுழைந்ததும் "ஏனுங்க மாப்ள" என்று 'ங்க' மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா பாதி நாள் சென்னையிலும் மீதி நாள் கல்யாண மண்டபங்களிலும் இருந்ததால் பட்டறை சித்தப்பாவின் கைக்குப் போனது. டெஸ்டரும் போனது. சித்தப்பாவுக்கு ஆயிரம் வேலை. அது எந்த டிராயரில் கிடந்ததோ தெரியாது.

சட்டமன்றம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள். அப்பா சென்னையில் இருந்தார். பள்ளிக்குக் கிளம்பி, சைக்கிளை எடுக்கப் பட்டறைப் பக்கம் போனேன். உள்ளே ஒரே கூச்சல். கல்லு மாமா ஈரத் தரையில் குப்புறக் கிடந்தார். ஒரு கை மட்டும் டிரம்மின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தது. யாரோ மெயினை அணைக்க ஓடினார்கள். சித்தப்பா ஒரு பலகையை எடுத்து அந்தக் கையைத் தள்ளிவிட்டார். மாமாவின் ரப்பர் செருப்பு ஒன்று தண்ணீரில் நகர்ந்து என் ஷூ வரைக்கும் வந்தது. சித்தப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். மாமாவுக்கு மயக்கம், சரியாகிவிடும், நீ பள்ளிக்கூடத்துக்குப் போ கண்ணு என்றார். போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது கல்லு மாமா இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னார். எப்படி என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அழுதேன். பெரியவர்கள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். அங்கே என்ன முடிவானது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எம்.எல்.ஏ.வின் பட்டறையில் ஷாக் அடித்து ஆள் செத்தார் என்று வெளியே போனால் விசாரணை வரும், பட்டறைக்குப் பூட்டு விழும், அப்பாவின் பதவியும் மரியாதையும் சந்திக்கு வரும். அதனால் மாமா அவர் குடியிருந்த லைன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டதாக வைத்துக்கொண்டார்கள். பட்டறை ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. மாமாவின் மனைவியான அத்தைக்கு, அவர் பெண்ணின் படிப்பு முழுவதையும் அப்பா பார்த்துக்கொள்வார் என்ற வாக்கோடு சேர்த்துச் சொல்லியாயிற்று. அப்பாவுக்குப் போனில் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் சொன்னவர்கள், யூனிஃபார்மில் சைக்கிள் எடுக்க வந்த ஒருத்தியை மறந்துவிட்டார்கள்.

உடலை மாமாவின் சொந்த ஊருக்குக் கொண்டு போயிருந்தார்கள். அன்னூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மறுநாள் காலை அப்பா ரயிலில் வந்து இறங்கியதும், முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு நேராகக் கிளம்பினோம். குடும்பத்தோடு போனால்தான் நன்றாக இருக்கும் என்று சித்தப்பா சொன்னதால் நானும் போனேன்.

வழி முழுக்க அம்மா எனக்கு எழவு வீட்டு முறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. யாரையும் 'வாங்க' என்று சொல்லக் கூடாது, அவர்களும் நம்மைச் சொல்ல மாட்டார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டே விடக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று மட்டும் வாய் தவறியும் வரக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். எம்.எல்.ஏ. ஊட்டுப் பிள்ளைக்கு முறை தெரியவில்லை என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்றார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். முன் சீட்டில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் தவறவில்லை. தவறியது அப்பாதான். ஷாமியானாவுக்குக் கீழே கூட்டம். கார் கதவு திறந்ததும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து அப்பாவின் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. முகம் முழுக்கச் சிரிப்பு. ஓட்டுக் கேட்ட மாதங்களில் பழகிப்போன கையும் வாயும், அவரைக் கேட்காமலேயே வேலையைப் பார்த்துவிட்டன. வாசலில் மாமாவின் அண்ணன், வருகிறவர்கள் தொட்டுத் துக்கம் கொடுப்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீட்டிய கை அப்படியே இருக்க, அப்பா கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிறகு அப்பாவுக்கு உறைத்து, சிரிப்பை விழுங்கிவிட்டுக் கையைத் தொட்டார்.

உள்ளே மாமா கண்ணாடிப் பெட்டியில் இருந்தார். தலைமாட்டில் அத்தை. பக்கத்தில் பத்தாவது படிக்கும் அவர் பெண், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். அப்பா மாலையை வைத்தார். அத்தையை நிமிர்ந்து பார்த்த மாதிரி எனக்கு நினைவில்லை. வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பெண்களோடு உள்ளே தங்கிவிட, நான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பட்டறை ஆட்கள் வேலியோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். எப்போதும் என்னைச் சீண்டுகிறவர்கள், அன்று யாருமே என் பக்கம் திரும்பவில்லை.

மாமாவின் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்து, திடகாத்திரமாக இருந்த மனுஷன் எப்படிப் போனான் என்றே புரியவில்லை என்றார். காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை என்றார். எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராத்திரி நல்லாச் சாப்ட்டுப்போட்டுத்தானுங்க படுத்திருக்கறாரு. காலைல எழுப்புனா எந்திரிக்கலீங்க. தூக்கத்துலயே போயிருச்சுங்க. ஒரு வலி இல்ல, வாதனை இல்ல. புண்ணியம் பண்ணுன உசுருங்க."

ஐயோ, அப்பாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சென்னையில் அல்லவா இருந்தார், அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை பேருக்கு முன்னால் தப்பாகப் பேசுகிறாரே, முந்திய நாள் எனக்குப் பேசிக்காட்டியிருந்தால் சொல்லியிருப்பேனே என்றுதான் என் புத்தி ஓடியது. அப்பாவின் மானம் என் கையில் இருப்பதாக நினைத்தேன். கையைத் தூக்கினேன். அப்பா கவனிக்கவில்லை. அதனால் சொன்னேன்.

"இல்லீங்கப்பா. மாமா நம்ம பட்டறையிலதானுங்க உழுந்தாரு. நான் பாத்தேனுங்க. சித்தப்பா பலகையில கையத் தள்ளி உட்டாருங்க."

உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். நான் சொன்னது வேலியோரம் வரைக்கும் கேட்டது. பட்டறை ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சித்தப்பா ஒரு சிரிப்புச் சிரித்தார். அதோடு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் மூக்கு விடைக்கும். அது விடைக்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. மேடையில் ஏறி, பேச வேண்டியதெல்லாம் மறந்துபோனவர் மாதிரி இருந்தார்.

மாமாவின் அண்ணன் மெல்ல எழுந்து என் முன்னால் குனிந்தார்.

"என்ன கண்ணு சொன்னே? பட்டறையிலயா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாசல்படியில் அத்தை வந்து நின்றார். புருஷன் உடல் கிடக்கும்போது தலைமாட்டை விட்டு மனைவி எழுந்து ஆண்கள் இருக்கிற இடத்துக்கு வருவது எங்கள் பக்கம் கிடையாது. இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் நிதானமாகத்தான் பேசினார்.

"அது கொழந்தைங்க மச்சான். என்னைக்கோ ஒரு நாளு அவரு மயங்கி உழுந்ததப் பாத்துப்போட்டு, அதையும் இதையும் சேத்திச் சொல்லுதுங்க. அவரு ஊட்லதானுங்க போனாரு. என்ற பக்கத்துல படுத்திருந்தாருங்க. நாந்தானுங்களே எழுப்புனேன்."

மாமாவின் அண்ணன் அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வேலியோரம் பார்த்தார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை அப்பாவின் பக்கம் திரும்பி, "பாப்பாவத் திட்டாதீங்கண்ணா. தெரியாமச் சொல்லிப்போடுச்சுங்க" என்றார். எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு, எங்கள் அப்பாவிடம்.

அப்பா எழுந்தார். வேட்டி காலில் தட்டியது. இரண்டு கையையும் அத்தையை நோக்கிக் குவித்து, "போயிட்டு வாரேனுங்க" என்றார். எழவு வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை. அதற்குக்கூட அன்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

காரில் ஏறியதும் அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகினார். நாலு பேருக்கு முன்னால் பெற்ற அப்பனைப் பொய்யன் ஆக்கிவிட்டாய், இனி எந்த முகத்தோடு வெளியே தலை காட்டுவது என்று அழுதார். நான் எதையாவது தப்பாகப் பார்த்துவிட்டேனா என்று கேட்டேன். அதற்கு இன்னொரு திருகல் கிடைத்தது. அப்பா முன் சீட்டில் இருந்து, பிள்ளையை விடு என்று மட்டும் சொன்னார். அவர் திட்டாததுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை. எம்.எல்.ஏ. மகளாக இருக்க எனக்குத் தகுதியே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிக்காட்டவில்லை. கூட்டத்துக்கு முந்திய நாள் நான் மேஜைக்கு எதிரில் போய் உட்காருவேன். "படிக்கற வேலையப் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிப் பார்ப்பார். பட்டறையில் மாத்திரம் அடுத்த வாரமே ஆட்கள் வந்து ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதிதாக மாட்டினார்கள். எம்.எல்.ஏ. பட்டறை என்றால் நல்லபடியாக இருக்க வேண்டாமா என்று சித்தப்பா வந்தவர்களிடம் சொன்னார்.

பல மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. மனு கொடுக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் அத்தை இருந்தார், அக்காவைக் கூட்டிக்கொண்டு. பத்தாவது முடிந்து அடுத்த படிப்புக்கு இடம் கேட்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது. முன்பெல்லாம் கொல்லைப்புறமாக நேரே அடுப்படிக்கே வந்து அம்மாவோடு காபி குடிக்கிறவர். இப்போது ஏன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னேன். அன்று நான் தப்பாகப் பேசியபோது நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள், ரொம்ப நன்றி அத்தை என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இரண்டு வார்த்தை நேரில் பேசிவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார்.

உள்ளே அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை வந்திருப்பதைச் சொன்னேன். பிட்ட தோசை கையிலேயே நின்றது. அப்பா ஈரோட்டுக்குப் போயிருக்கிறார், வேண்டியதைச் சித்தப்பா செய்து கொடுப்பார் என்று சொல்லிவிடு என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அப்பா வீட்டில்தானே இருக்கிறார் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஆனால் நான் பழைய முட்டாள் இல்லையே. பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் அதன்படியே சொல்ல வேண்டும், குறுக்கே திருத்தக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். வெளியே வந்து நிமிர்ந்து நின்று, தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

"அப்பா ஈரோடு போயிருக்கறாருங்க அத்தை. சித்தப்பா பாத்துக்குவாருங்களாமா."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே அப்பாவுக்குப் புரை ஏறி இருமல் வந்தது. அந்த இருமல் அத்தைக்குத் தெரியாததா? அவர் கேட்காதது மாதிரி என் கன்னத்தைத் தடவினார்.

"செரீங் கண்ணு. எங் கண்ணு இப்ப நல்லாப் பேசப் பழகிக்கிச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒருவர் என் பேச்சைப் பாராட்டியிருக்கிறார். உள்ளே ஓடி, அத்தை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா சொம்புத் தண்ணீரை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினார். அத்தனை தோசையும் அப்படியே கிடந்தது. சட்னியில் உப்பு அதிகமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடினேன்.